பி.டி.எஸ்.டி.க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கணுமா? நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவரைப் பார்க்க வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. டாக்டர் அறையில் கேட்கத் தயங்கியதை வெளியே பெஞ்சில் வைத்து என்னிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பி.டி.எஸ்.டி. (போஸ்ட் டிராமாடிக் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்) என்ற மனநோய் பற்றியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சொல்லியிருக்கும் ஆட்களின் அடையாளம் எல்லாம் மாற்றியது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

பி.டி.எஸ்.டி. என்றால் என்ன? பெரிய பயத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் வருவதுதானே?

உயிர் போயிருக்கும் என்ற நிலையில் சிக்கியவர்களுக்கும், அதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் வரக்கூடிய நோய் இது. சம்பவம் நடந்து முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் யாருக்கும் நடக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல், வேலையையும் குடும்பத்தையும் கெடுக்க ஆரம்பித்தால்தான் இந்தப் பெயர் வைப்பார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த கையோடு, தாமிரபரணி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் இருந்த ஓர் அக்கா இடுப்பளவு தண்ணீரில் மாமியாரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர். மழைக்காலம் போய் கோடை வந்த பிறகும், ராத்திரி பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினால் எழுந்துபோய் வாசல்படியைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மகளின் மார்க்‌ஷீட் மூன்றும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் இருந்தன. அவற்றைக் கீழே இறக்க விடமாட்டார். "குழம்பு கொதிக்கிற சத்தங்கூட தண்ணி வார மாதிரியே இருக்கு" என்றார்.

டாக்டர்கள் பார்க்கும் நான்கும் அவரிடம் இருந்தன. நடந்தது கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. ஆற்றுப் பக்கமே போகாமல், அந்தப் பேச்சையே எடுக்காமல் ஒதுங்குவது இன்னொன்று. "மாமியாரைச் சரியாப் பிடிக்கலையே" என்ற குற்ற உணர்ச்சியும், எதிலும் ஒட்டாத மனசும் மூன்றாவது. எப்போதும் காவல் நிற்பது போன்ற உடம்பு நான்காவது.

யாருக்கு வரும்? மனசு பலவீனமானவர்களுக்குத்தானா?

இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் இப்படி ஏதாவது ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. வருகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் இது இன்னும் அதிகம். மனசு எவ்வளவு கெட்டி என்பதைவிட, என்ன நடந்தது, எத்தனை தரம் நடந்தது, பிறகு பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

நம்ம பக்கத்தில் நான் பார்ப்பவர்கள்: கல்குவாரியில் பாறை சரிந்து கூட வேலை பார்த்தவரை இழந்தவர்கள், பட்டாசு ஆலை விபத்தில் தப்பியவர்கள், 2017 ஒக்கி புயலில் கடலில் மாட்டியவர்களின் குடும்பங்கள், வண்டிக்கு முன்னால் ஆள் விழுந்ததைப் பார்த்த டிரைவர்கள், பட்டாளத்திலிருந்தும் சி.ஆர்.பி.எப்.பிலிருந்தும் திரும்பியவர்கள். சாதி வெட்டில் தப்பிய பையன்களும், அதைப் பார்த்த தங்கச்சி தம்பிகளும் உண்டு. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெட்டியவன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான் என்றால், "பயப்படாதே" என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அங்கே முதலில் பாதுகாப்பு, வழக்கு, தேவைப்பட்டால் இடமாற்றம். அப்புறம்தான் மற்றது.

எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் கடைசியில் பேசப்படுபவர்கள், வீட்டுக்குள் வருஷக்கணக்காக அடி வாங்கிய பெண்கள். "தலைவலி, தூக்கம் வரமாட்டுக்கு" என்றுதான் வருவார்கள்.

கோடாங்கி பார்த்தோம், காத்து கருப்பு என்கிறார்கள். விபூதி போடலாமா?

தாராளமாகப் போடுங்கள். சாமி கும்பிட்டு மனசு ஆறினால் நல்லதுதான். எந்த டாக்டரும் மறுக்கப் போவதில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி கேட்கும் என்று யாராவது சொன்னால் அங்கே எழுந்துவிடுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை கையாலாகாமல் மாட்டிக்கொண்டவரை மறுபடி கட்டிப்போட்டால் நோய் இரண்டு மடங்காகும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். இப்போது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

கட்டாயம் உள்ளே சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதற்கென்று உள்ள பேச்சு சிகிச்சைகள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை வந்துபோய்ச் செய்தாலே பலன் தருபவை. வீட்டில் படுத்து, வீட்டில் சாப்பிட்டு, பயந்த இடங்களுக்கு மெதுவாகத் திரும்பிப் போவதே சிகிச்சையின் ஒரு பகுதி. ஊரைவிட்டு வெகுதூரம் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்தால் அந்தப் பகுதி நடக்காது.

சேர்க்க வேண்டிய சமயங்கள் உண்டு. சாக வேண்டும் என்று சொல்கிறார், அல்லது சொல்லாமல் அதற்கான ஏற்பாட்டில் இருக்கிறார் என்றால் யோசிக்கவே கூடாது. தினமும் நிறையக் குடித்துவந்தவர் நிறுத்தப் போகிறார் என்றால் முதல் சில நாள் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் அறவே நின்றுபோனவர், தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் மணிக்கணக்கில் போய்விடுபவர், கோபத்தில் வீட்டாரைத் தாக்குபவர், இவர்களுக்கும் உள்ளே இருப்பது நல்லது. வந்துபோகும் சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றாலும் யோசிக்கலாம்.

வீடே ஆபத்தான இடம் என்றால் கதை வேறு. அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப மனநல வார்டைத் தேட வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். அங்கே தற்காலிகமாகத் தங்கலாம். போலீஸ், வக்கீல், ஆலோசகர் உதவியும் அங்கிருந்தே கிடைக்கும்.

நம்ம பக்கத்தில் எங்கே சேர்ப்பது?

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் அங்கே ஓட வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று அங்கேயே விசாரியுங்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் பெங்களூரு நிம்ஹான்ஸும் இருக்கின்றன.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கு பி.டி.எஸ்.டி.க்கென்றே தங்கிச் செய்யும் சிகிச்சைத் திட்டங்கள் உண்டு. பல வாரம் அங்கேயே தங்கி, தனியாகவும் குழுவாகவும் பேசி, அதே கதை உள்ளவர்களோடு சாப்பிட்டுத் தூங்கி வெளியே வருவார்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் எல்லா மனநோய்க்கும் பொதுவான வார்டு. பக்கத்துக் கட்டிலில் வேறு நோய்க்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். சத்தத்துக்கே நடுங்குபவருக்கு அது சிரமம்தான். அதனால்தான் நம்ம ஊரில் வார்டில் இருப்பதை ஆபத்தான கட்டம் கடப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சு சிகிச்சையை வெளிநோயாளியாகத் தொடர்வது சரி என்று நினைக்கிறேன்.

ஒரு மறுவாழ்வு இல்லத்தைப் பார்த்தோம். நல்ல தோட்டம், யோகா எல்லாம் இருக்கிறது. சேர்க்கலாமா?

தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து நேராகக் கேளுங்கள்: "பி.டி.எஸ்.டி.க்கு என்ன சிகிச்சை செய்வீர்கள், யார் செய்வார், வாரத்தில் எத்தனை மணி நேரம்?" "கவுன்சலிங் கொடுப்போம்" என்பது பதில் ஆகாது. அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் சிகிச்சையின் பெயரையும், அதில் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரையும் அவர்கள் சொல்ல முடிய வேண்டும். மனநல மருத்துவர் தினமும் வருவாரா, மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வருவாரா என்று கேளுங்கள். ராத்திரி ஒருவருக்கு மூச்சு முட்டினால் யார் இருப்பார் என்று கேளுங்கள்.

வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம், போனில் பேசலாமா? "முதல் ஒரு மாதம் யாரும் பார்க்கக் கூடாது" என்று சொல்லும் இடங்களை நான் நம்புவதில்லை. முன்னே சொன்ன 2017 மனநலச் சட்டம் நோயாளிக்கு உறவினரைப் பார்க்கவும் போனில் பேசவும் உரிமை தருகிறது. மொட்டை அடிக்கக் கூடாது, சீருடை போட்டே தீர வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. இவையும் அந்தச் சட்டத்தில் உள்ளவைதான்.

முடிந்தால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். பணியாளர் அங்கே இருப்பவர்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று காதில் விழும். "ஏல, இங்க வால" என்று ஐம்பது வயதுக்காரரைக் கூப்பிடும் இடத்தில் உங்கள் அப்பாவை விடுவீர்களா? கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள். தரகர் மாதிரி ஒருவர் "ஆம்புலன்ஸ் அனுப்பித் தூக்கிட்டு வந்துருவோம்" என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

உள்ளே சேர்த்தால் என்னதான் நடக்கும்?

முதல் நாள் பெல்ட், பிளேடு, சார்ஜர் வயர் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவமானமாகத் தோன்றும்; எல்லாரிடமும் வாங்குவதுதான். மாத்திரையை நர்ஸ் முன்னாலேயே விழுங்க வேண்டும். அரசு வார்டில் பொதுவாக வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கச் சொல்வார்கள். பாயும் பிளாஸ்க்கும் கொண்டுபோங்கள். முதல் சில நாள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் சீராக்குவதிலேயே போகும். திடீரென்று நினைவு அடித்துக்கொண்டு போகும்போது இங்கே, இப்போதுக்குத் திரும்பி வரும் பழக்கங்களைச் சொல்லித் தருவார்கள்: பாதத்தைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படும் ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்வது, மூச்சை மெதுவாக வெளியே விடுவது.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. நிரூபிக்கப்பட்ட வழிகள் சில உண்டு.

எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வடிவமைத்த, புரோலாங்டு எக்ஸ்போஷர் என்ற முறையில், நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, இப்போது நடப்பது போலவே சொல்ல வேண்டும். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. சொன்னதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். கூடவே, ஒதுக்கி வைத்த இடங்களையும் காரியங்களையும் பயத்தின் அளவுப்படி 0 முதல் 100 வரை மார்க் போட்டு வரிசைப்படுத்தி, கீழிருந்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். முன்னே சொன்ன அக்காவின் பட்டியலில் போனில் மழைச் சத்தம் கேட்பது 30. கொக்கிரகுளத்தில் ஆட்டோவை நிறுத்தி ஆற்றைப் பார்ப்பது 45. சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்து கடப்பது 60. குறுக்குத்துறைப் படித்துறையில் கால் நனைப்பது 80. மழை பெய்யும் ராத்திரியில் கீழ்வீட்டில் படுப்பது 95. பாலத்தில் முதல் தடவை பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அழுதார். ஓடிவராமல் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் பயிற்சி. நின்றார். உண்மையிலேயே ஆபத்தான எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. வெள்ள எச்சரிக்கை விட்ட அன்று ஆற்றுக்குப் போகச் சொல்ல மாட்டார்கள்.

பட்ரீசியா ரெசிக் என்ற உளவியலாளர் உருவாக்கிய இன்னொரு முறை, காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி, பெரும்பாலும் 12 அமர்வுகள். இது பயத்தைவிட, மனசில் உறைந்துபோன முடிவுகளைப் பிடித்துக்கொள்கிறது. குவாரி மேஸ்திரி ஒருவர் "அவனை அந்த ஷிப்டுக்கு அனுப்பினது நான்தான், நான்தான் கொன்னேன்" என்பதை விடவே மாட்டார். அதை எழுதச் சொல்லி, வரி வரியாகக் கேள்வி கேட்பார்கள். பாறை சரியும் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா? வெடி வைத்தது யார்? பாதுகாப்புச் சோதனை செய்யாதது யார்? அவர் "அப்போ யார் மேலதான் கோபப்படணும்?" என்று முதல் தடவை கேட்டபோது கூட இருந்த அவர் மதினிக்குப் புரியவில்லை, தன் மேல் போட்டுக்கொண்ட பழி தளர ஆரம்பித்துவிட்டது என்று சிகிச்சை செய்தவருக்குப் புரிந்தது.

மூன்றாவது இ.எம்.டி.ஆர். ஃபிரான்சின் ஷாபிரோ 1980-களின் கடைசியில் கொண்டுவந்தது. சம்பவத்தை மனசில் வைத்தபடி, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். பார்ப்பதற்கு மந்திரிப்பது போலத்தான் இருக்கும். கண் அசைவு எவ்வளவு உதவுகிறது என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் மொத்தமாக அந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

யோகா, தோட்ட வேலை, பாட்டு எல்லாம் கூட இருக்கட்டும். அவற்றை மட்டும் செய்துவிட்டு பி.டி.எஸ்.டி.க்கு சிகிச்சை கொடுத்ததாகச் சொல்லக் கூடாது.

பழசைக் கிளறினால் இன்னும் மோசமாகாதா?

முதல் சில அமர்வுகளில் கனவு கூடலாம், முன்னாடியே சொல்லிவிடுவார்கள். கை முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தபின் மடக்கி நீட்டச் சொல்வார்களே, அந்த மாதிரி வலி. வீட்டார் செய்யும் தவறு, பயிற்சி பெறாமல் தாங்களே கிளறுவது. கல்யாண வீட்டில் வைத்து, "அன்னைக்கு என்னதான்யா நடந்துச்சு, சொல்லேன்" என்று கேட்பது சிகிச்சை கிடையாது. சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் கொட்டச் சொல்வதும் பலன் தராது என்று தெரிந்துவிட்டது. அப்போது வேண்டியது சோறு, துணி, தூங்க இடம், சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பது.

மாத்திரை எதற்கு? வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணுமா?

செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைத்தான் அதிகம் எழுதுவார்கள். பலன் தெரியச் சில வாரமாகும். முதல் வாரம் குமட்டல், தலைவலி இருக்கலாம். தாம்பத்திய ஆசை குறையலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். குணம் தெரிந்தபின் பல மாதம் தொடர்ந்து, அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். வாழ்நாள் முழுக்க என்பது எல்லாருக்கும் இல்லை. கெட்ட கனவுக்குச் சிலருக்கு பிரசோசின் கொடுப்பார்கள்; அது ரத்த அழுத்த மருந்து, படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும்.

அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளை மட்டும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். அன்றைய ராத்திரி தூங்கலாம். பி.டி.எஸ்.டி. குணமாகாது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

அவிய குடிக்காவ. முதலில் குடியை நிறுத்திட்டுத்தான் இதுக்கு வரணுமா?

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாதிப் பேர் தூங்குவதற்காகவே குடிக்க ஆரம்பித்தவர்கள். குடிமீட்பு மையத்தில் வைத்து குடியை மட்டும் நிறுத்திவிட்டு அனுப்பினால், அன்றைய ராத்திரியே கனவு வரும், மறுநாள் டாஸ்மாக் வாசலில் நிற்பார். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், கைகால் நடுங்கிப் பிதற்றலாம். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துங்கள்.

வர மாட்டேன் என்கிறார். கட்டாயப்படுத்திச் சேர்க்கலாமா?

தானாக வந்து சேர்வதுதான் முதல் வழி. அப்படிச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால் விட வேண்டும். ஆபத்து இருக்கும் என்று தோன்றினால் மட்டும் 24 மணி நேரம் வரை வைத்துப் பரிசோதிக்கலாம். தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால், நோயாளியின் நியமிக்கப்பட்ட பிரதிநிதி (அவர் தன் சார்பில் பேச நியமித்த ஆள்; நியமிக்காவிட்டால் பெரும்பாலும் உறவினர்) கேட்க, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, அதிகபட்சம் 30 நாள் வரை சேர்க்கலாம். இரண்டு பேரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். இதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். "கொஞ்ச நாள் உள்ளே கிடக்கட்டும், புத்தி வரும்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வர மறுப்பவரிடம் "மெண்டல் டாக்டர்" பேச்சை எடுக்காமல், "தூக்கத்துக்கு ஒரு வழி கேட்டுட்டு வருவோம், ஒரே ஒரு தரம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் அவர் மதிக்கும் ஆள் ஒருவர் இருப்பார், பெரிய அண்ணாச்சியோ சித்தப்பாவோ பங்குச் சாமியாரோ. அவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. ஏமாற்றி வண்டியில் ஏற்ற வேண்டாம். பிறகு உங்களையும் நம்ப மாட்டார், டாக்டரையும் நம்ப மாட்டார்.

எவ்வளவு செலவாகும்?

அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். தனியாரில் இடத்துக்கு இடம் மாறும். ஒரு நாள் கட்டணத்தில் மருந்தும் உளவியலாளர் அமர்வும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று மனநலச் சட்டம் சொல்கிறது. பாலிசி இருந்தால் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் இ.சி.எச்.எஸ். அட்டையை மறக்க வேண்டாம்.

வேலை போய்விடுமா?

அரசு ஊழியர் என்றால், பணியில் இருக்கும்போது இயலாமை வந்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. மனநோயும் அதில் அடக்கம். டிரைவருக்கு வேறு வேலை கேட்கலாம். தனியார் வேலையில் நடைமுறை கடினம்தான். மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். "சிகிச்சையில் இருக்கிறார்" என்ற மருத்துவச் சான்றிதழே பல இடங்களில் போதும்.

பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். பெரியவர்கள் மாதிரி சொல்ல மாட்டார்கள். நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாட்டாக விளையாடுவார்கள், நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வரும், அம்மா முந்தானையை விட மாட்டார்கள், படிப்பு சரியும். பள்ளிக்கூடப் பையன் என்றால் அடங்காதவன் என்று பெயர் வாங்குவான். பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்ப்பது மிகவும் அபூர்வம். அம்மா அப்பாவையும் சேர்த்து வந்துபோய்ச் செய்யும் சிகிச்சைதான் முறை. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், டாக்டராக இருந்தாலும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தாலும் வழிகாட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது?

முதல் வாரம் பார்க்க வருகிறவர்களைக் குறையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து "எப்படிய்யா இருக்க, இப்போ பரவாயில்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டால், ஆஸ்பத்திரியே மேல் என்று தோன்றிவிடும்.

பெரிய சோதனை ஊர்க் கொடை, அதாவது கோயில் திருவிழா. வேட்டுச் சத்தம் பட்டாளத்துக்காரருக்கும் பட்டாசு ஆலையில் தப்பியவருக்கும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக கொடைக்கு ஊரைவிட்டே ஓடுவதும் நல்லதில்லை. ஓட ஓட பயம் வளரும். ஒரு குடும்பம் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. கோயில் கமிட்டியில் கேட்டு, வேட்டுப் போடும் நேரத்தைத் தெரிந்துகொண்டார்கள். முதல் வருஷம் தெருக்கோடி வீட்டில், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் வில்லுப்பாட்டுக் கேட்கப் பந்தலுக்கே வந்தார். வேட்டு நேரத்தில் கை நடுங்கியது, உட்கார்ந்திருந்தார்.

சம்பவம் நடந்த நாள் வருஷா வருஷம் வரும். வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு மார்கழி பிறக்கும்போதே உடம்பு சொல்லும். அந்த வாரம் தூக்கம் கெட்டால் நோய் முழுசாகத் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். டாக்டர் தேதியை அதற்கு முன்னால் வாங்கி வையுங்கள். ராத்திரி அலறினால் தொட்டு உலுக்காமல், விளக்கைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்களே செய்துகொடுப்பதும் வேண்டாம். ரேஷன் கடைக்கு அவரே போகட்டும்.

முழுசாகக் குணமாகுமா?

பலருக்கு ஆகும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபடி ஒரு வருஷத்துக்குள் 40 சதவீதம் பேர் வரை தேறிவிடுகிறார்கள். நாள்பட்டவர்களுக்கும் சரியான சிகிச்சையில் பெரிய மாற்றம் வரும். நடந்தது மறக்காது. நினைத்தால் வருத்தம் இருக்கும், உடம்பு ஆடாது. சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்காகத் துன்பப்பட்டவர்களுக்கு வரும் சிக்கலான வகையை 2022-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியல் தனியாகவே குறிப்பிடுகிறது. அதற்குக் காலம் கூடுதலாகும்.

கல்யாணம் பேசுகிறோம். மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசும்போது, சம்பந்தப்பட்டவரே சொல்வது நல்லது. கல்யாணத்துக்காக மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய முட்டாள்தனம்.

பார்த்துக்கொள்ளும் எனக்கே தூக்கம் இல்லை. நான் யாரிடம் சொல்ல?

அவரைக் கூட்டிவரும் அன்றைக்கே உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். மனைவிமார் இதைக் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். நான் திரும்பவும் கேட்பேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களும் பேசலாம். அரசு மருத்துவ உதவி எண் 104-லும் கேட்கலாம்.

சாகப் போகிறேன் என்று அவர் சொன்னாலோ, உங்களுக்கே அப்படித் தோன்றினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் ஒருவர் கூட இருங்கள், வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடுமையான மன அழுத்தத்தில் செய்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. வாருங்கள்.